உங்கள் போன் இரவில் தூங்குகிறதா?

இரவு படுக்கைக்குப் போகும்போது போனில் 90 வீதம் சார்ஜ் இருந்தது. அதன் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால் 55 வீதம்! "பெட்டரி பழுது, மாற்றத்தான் வேண்டும்" என்று வீட்டில் முடிவாகிறது. கடைக்காரரும் அதையே சொல்கிறார். பணம் கொடுத்துப் புதுப் பெட்டரியும் போட்டாயிற்று. ஒரு கிழமை போகவில்லை, மறுபடியும் அதே கதை. உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருக்கிறதா, சகோதரிகளே?

பெட்டரி வயதாகித் தளர்வது உண்மைதான். ஆனால் யாரும் கையில் எடுக்காத போன் ஒரே இரவில் மூன்றில் ஒரு பங்கைக் குடித்துவிட்டதென்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது பெட்டரியை அல்ல. நன்றாகத் தூங்கும் போன் ஓர் இரவில் சில வீதங்களை மட்டுமே இழக்கும். உங்கள் போன் தூங்கவில்லை. திரை மட்டும்தான் இருண்டிருந்தது. உள்ளே ஏதோ ஒரு பாகம் விடிய விடிய விழித்திருந்திருக்கிறது. அதை விழித்திருக்க வைத்தது யார், தூங்க வைக்க வேண்டியவர் யார் என்பதைத்தான் இம்முறை பார்க்கப் போகிறோம்.

புல்மோட்டை போன்ற ஓர் ஊரில் இது சின்ன விடயம் அல்ல. திருகோணமலை மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் கடலை அண்டிக் கிடக்கும் ஊர் அது. வாப்பா கடலுக்குப் போன வீடு, மகன் கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் வீடு என்று பல வீடுகள். அங்கே போன் என்பது படம் பார்க்கும் சாமான் மட்டுமா? நடுச்சாமம் இரண்டு மணிக்கும் அடிக்க வேண்டிய மணி அது. 2022 மார்ச் முடிவில் நாடு முழுக்க நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாட்களில் விளக்கு இல்லாததைவிட, போன் செத்துவிடுமோ என்பதே பல உம்மாமார்களின் கவலையாக இருந்தது.

வீட்டுப் பொறுப்பு யாரிடம்?

போனோ மடிக்கணனியோ, உள்ளே ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. திரை, கமெரா, ஒலிபெருக்கி, வைஃபை, சிம் சிக்னலைப் பிடிக்கும் மோடம், விரல் ரேகை பார்க்கும் சில்லு, அசைவை உணரும் சில்லு... ஒவ்வொன்றும் மின்சாரம் குடிக்கும். இவற்றையெல்லாம் நிர்வகிப்பது கெர்னல் எனப்படும் மென்பொருள். இயங்குதளத்தின் நடுப்பருப்பு என்று சொல்லலாம். அண்ட்ரொய்ட் போன்களில் இருப்பது லினக்ஸ் கெர்னல். 1991இல் பின்லாந்தில், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது. அதை யாரும் எடுத்து வாசிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். கெர்னலுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. அதற்கு டிரைவர் என்று பெயர். (பஸ் ஓட்டுபவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்!)

ஆரம்பத்தில் இந்தத் தூக்கப் பொறுப்பு கெர்னலிடம் இருக்கவில்லை. 1992இல் இன்டெல்லும் மைக்ரோசொஃப்டும் சேர்ந்து கொண்டுவந்த ஏபிஎம் என்ற முறையில், கணனியின் பலகையிலேயே பொதிந்திருந்த பயோஸ் என்ற சின்ன மென்பொருள்தான் பெரும்பாலும் முடிவெடுத்தது. கொஞ்ச நேரம் சத்தமில்லை என்றால் கருவியை அணைத்துவிடும். மின்கட்டணத்தை நினைத்துக் கவலைப்படும் ஒருவர், உள்ளே யார் குளிக்கிறார்கள், யார் படிக்கிறார்கள் என்று கேட்காமலே சுவிட்சை அணைத்துக்கொண்டு போவதைப் போன்ற வேலை இது. எந்த நிரல் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது பயோஸுக்குத் தெரியாது, கெர்னலுக்குத்தான் தெரியும். ஆகவே 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசொஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற புது ஒழுங்கை வெளியிட்டன. அதன் சாரம் ஒன்றுதான்: யார் தூங்கலாம் என்பதை இனி இயங்குதளமே தீர்மானிக்கும்.

தீர்மானிப்பதற்கு வெறும் 'ஓன்', 'ஓஃப்' போதாது. கருவிகளுக்கு டி-0 முதல் டி-3 வரை நிலைகள் வகுத்தார்கள். டி-0 என்றால் முழு விழிப்பு. டி-1, டி-2 என்பவை அரைத் தூக்கம். இவற்றைப் பயன்படுத்தும் கருவிகள் குறைவு. டி-3 ஆழ்ந்த தூக்கம். அதிலும் இரண்டு வகை. ஒன்றில் கருவிக்கு மின்சாரம் இருக்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழும்பும். மற்றதில் மின்சாரமே நிறுத்தப்படும். இந்த இரண்டாவது வகையில் சேமிப்பு மிக அதிகம். ஆனால் எழும்பும்போது அந்தக் கருவிக்குத் தான் யார், முன்பு என்ன செய்துகொண்டிருந்தோம் என்ற நினைவே இருக்காது. அதனால் தூங்க வைக்கும் முன்பே அதன் உள் அமைப்புகளை டிரைவர் ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு, எழும்பியதும் ஒவ்வொன்றாகத் திருப்பி ஊட்ட வேண்டும். ஒன்றை விட்டுவிட்டாலும் போச்சு. மடிக்கணனியை மூடித் திறந்தபின் சத்தம் வரவில்லை, வைஃபை வரவில்லை என்று பிள்ளைகள் சொல்வார்களே, பல வேளைகளில் காரணம் இதுதான்.

எழும்புவதற்கும் நேரம் பிடிக்கும். கணனியின் உள்ளே செருகப்படும் பிசிஐ வகைக் கருவிகள் டி-3 தூக்கத்திலிருந்து எழும்பினால், அவற்றோடு பேசுவதற்கு முன் 10 மில்லி செக்கன் பொறுக்க வேண்டும் என்பது விதி. நமக்கு அது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. கணனிக்கோ அது நெடுநேரம். அதோடு தூங்கப் போவதற்கும் எழும்புவதற்கும் மின்சாரம் செலவாகும். ரொட்டி சுடும்போது ஒரு ரொட்டிக்கும் அடுத்த ரொட்டிக்கும் இடையில் அடுப்பை அணைத்து மூட்டுகிறோமா? அப்படிச் செய்தால் மிச்சம் பிடிப்பதைவிட நட்டம்தான் அதிகம். அதனால் கெர்னல் ஒரு கருவியை வேலை முடிந்த உடனேயே தூங்க வைப்பதில்லை, கொஞ்சம் பார்த்திருக்கும். யூஎஸ்பி கருவிகளைத் தானாகத் தூங்க வைக்கும்போது லினக்ஸ் வழமையாகப் பார்த்திருக்கும் நேரம் 2 செக்கன்.

இன்னொரு சிரமம், வரிசை. யூஎஸ்பி விசைப்பலகை ஒரு ஹப்பில் தொங்குகிறது. ஹப், கட்டுப்படுத்தும் சில்லில் தொங்குகிறது. சில்லை முதலில் தூங்க வைத்தால் விசைப்பலகைக்கு "நீயும் தூங்கு" என்று சொல்லப் பாதையே இருக்காது. பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டுத்தான் பெரியவர்கள் படுக்க வேண்டும். எழும்பும்போது பெரியவர்கள் முதலில். கெர்னல் இந்த ஒழுங்கைக் கண்டிப்பாகக் காக்கிறது. பெரிய அளவில் இதையே 2025 பெப்ரவரி 9ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை நாம் பார்த்தோம். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டு நாடே இருண்டது என்று அமைச்சர் சொன்னார். திரும்ப மின்சாரம் கொடுக்கும்போது எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க முடியவில்லையே, ஏன்? முதலில் மின் நிலையங்கள், பிறகு பெரிய கம்பிகள், பிறகுதான் ஊர்கள். நுரைச்சோலை நிலக்கரி நிலையம் முழுமையாகத் திரும்பப் பல நாட்கள் எடுத்தன. இடையில் நமக்கு ஒன்றரை மணிநேர வெட்டு. எழுப்புவது அணைப்பதைவிடக் கடினம் என்பது நாட்டுக்கும் பொருந்தும், உள்ளங்கைப் போனுக்கும் பொருந்தும்.

கிணற்று மோட்டரும் ஒரு கொப்பியும்

இனி நம் 35 வீதத்தைத் திருடியவரைத் தேடுவோம்.

மூன்று வீட்டுக்கு ஒரே கிணறு, ஒரே மோட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சண்டை வராதிருக்க மோட்டர் அறையில் ஒரு கொப்பி தொங்குகிறது. தண்ணீர் வேண்டியவர் வந்து அதில் ஒரு கோடு போட வேண்டும். முதல் கோடு விழுந்ததும் மோட்டர் ஓடும். வேலை முடிந்தவர் தன் கோட்டை அழித்துவிட்டுப் போவார். இன்னும் ஒரு கோடு மிச்சம் இருந்தாலும் மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசிக் கோடும் அழிந்தால்தான் நிற்கும். யார் முதலில் வந்தார், யார் பிந்தி வந்தார் என்று யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை.

லினக்ஸ் கெர்னலில் ஒவ்வொரு கருவிக்கும் இப்படி ஒரு கொப்பி உண்டு. போலந்து நாட்டவரான ரஃபேல் விசோட்ஸ்கி எழுதிய இந்த ஏற்பாடு 2009 டிசம்பரில் வெளிவந்த 2.6.32 பதிப்பில் சேர்க்கப்பட்டது. முழுப் போனும் தூங்கும்வரை காத்திராமல், போன் விழித்திருக்கும்போதே வேலையில்லாத கமெராவையும் ஒலிச் சில்லையும் தனித்தனியே தூங்க வைக்க இது வழி செய்கிறது. கோடு போடும் கட்டளைக்கு 'கெட்' என்று பெயர், அழிக்கும் கட்டளைக்கு 'புட்'. எடுத்தால் வைக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

ஒரு வீட்டுக்காரர் கோட்டை அழிக்க மறந்து கதவைச் சாத்திவிட்டுப் படுத்துவிட்டால்? மோட்டர் விடிய விடிய ஓடும். கிணற்றில் தண்ணீர் போகும், மின்கட்டணம் ஏறும், ஆனால் யாருக்கும் ஒரு சொட்டும் பயன் இல்லை. உங்கள் போனில் நடந்தது பெரும்பாலும் இதுதான். மறுபக்கமும் உண்டு. யாரோ அவசரத்தில் இரண்டு முறை அழித்துவிட்டால், பக்கத்து வீட்டில் தலையில் சவர்க்காரத்தோடு நிற்பவருக்குத் தண்ணீர் நின்றுபோகும். அப்படிப்பட்ட பிழையால் கருவி நடு வேலையில் தூங்கி, கணனி உறைந்து போவதுண்டு.

இந்தக் கொப்பியில் நெடுநாளாக ஒரு பொறியும் இருந்தது. ஒருவர் வருகிறார், கோடு போடுகிறார், மோட்டர் ஓடவில்லை. பழுது. "சீ!" என்று திரும்பிப் போய்விடுகிறார். மோட்டர் ஓடாவிட்டாலும் கோடு விழுந்துதானே இருக்கிறது! அதை அழிக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. நானே வேலை செய்யவில்லை, எதை அழிப்பது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? கெர்னலின் 'கெட்' வகைக் கட்டளைகளில் பரவலாகப் பயன்பட்ட ஒன்று அப்படித்தான் நடந்தது: கருவியை எழுப்ப முடியாமல் போனாலும் எண்ணிக்கையைக் கூட்டிவிடும். கைதேர்ந்தவர்கள் எழுதிய எத்தனையோ டிரைவர்களில் இந்த அழிக்காத கோடு கிடந்தது. 2020இல் ஒவ்வொரு டிரைவராகத் தேடித் திருத்தினார்கள். கடைசியில் அந்த வருட டிசம்பரில் வந்த 5.10 பதிப்பில் ஒரு புதுக் கட்டளையே சேர்த்தார்கள்: எழுப்ப முடியாவிட்டால் போட்ட கோட்டைத் தானே அழித்துவிட்டுத்தான் திரும்பி வரும். எத்தனை பேரிடம் "கவனமாக இருங்கள்" என்று சொன்னாலும் சரிவராத ஒன்றை, கொப்பியின் அமைப்பை மாற்றிச் சரி செய்தார்கள். எனக்கு இது புத்தியான வேலையாகத் தெரிகிறது. நம் வீடுகளில் கேஸ் அடுப்பு விடயத்திலும் இப்படி யோசிக்கலாம்.

கோட்டை அழிக்காத குற்றம் கெர்னல் எழுதுபவர்களோடு நிற்பதில்லை. 2015 ஒக்டோபரில் ஐபோன் வைத்திருந்தவர்கள் பேஸ்புக் தங்கள் பெட்டரியைக் குடிக்கிறது என்று முறையிட்டார்கள். அந்த நிறுவனத்தின் பொறியியலாளர் ஆரி கிராண்ட் இரண்டு பிழைகளை ஒப்புக்கொண்டார். வீடியோ பார்த்துவிட்டு வெளியே வந்த பிறகும் ஒலிக்கான அனுமதியை அந்தச் செயலி திருப்பிக் கொடுக்கவில்லை. பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. ஆனாலும் 'ஒலி ஓடிக்கொண்டிருக்கிறது' என்று போன் நம்பி விழித்திருந்தது. மற்றது, வலையிலிருந்து பதில் வந்ததா, வந்ததா என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த ஒரு நிரல். வாகனத்தில் போகும்போது "வந்துட்டமா? வந்துட்டமா?" என்று கேட்கும் பிள்ளையை அவரே உதாரணம் காட்டினார். கேட்பதால் வழி குறையாது, சக்திதான் குறையும் என்பது உம்மாமார்களுக்குச் சொல்லித் தர வேண்டியதா?

மூன்று வருடச் சண்டை

இந்த விடயத்தில் கெர்னல் எழுதுபவர்களுக்குள்ளேயே ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. 2009இல் கூகுள் பொறியியலாளர்கள் அண்ட்ரொய்டுக்காகத் தாங்கள் செய்த ஓர் ஏற்பாட்டைப் பொதுக் கெர்னலில் சேர்க்கும்படி கேட்டார்கள். 'வேக்லொக்' என்பது அதன் பெயர். விழிப்புப் பூட்டு என்று சொல்லலாம். அவர்கள் கொள்கை இது: போன் எப்போதும் தூங்கத்தான் பார்க்கும். விழித்திருக்க வேண்டியவர் பூட்டுப் போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றப் பக்கத்தவர்கள், கணனி விழித்தே இருக்கட்டும், வேலையில்லாத பாகங்கள் ஒவ்வொன்றாகத் தூங்கட்டும், முழு வீட்டையும் அடிக்கடி தூங்க வைப்பது முறையல்ல என்றார்கள். பூட்டைப் போட்டுவிட்டு எடுக்க மறக்கும் செயலிகளைப் பற்றியும் எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை அப்படியே பலித்தது என்பதை நீங்களே காலையில் எழும்பிப் பார்க்கிறீர்கள். ஆனால் கூகுள்காரர்கள் சொன்னதும் பொய்யல்ல: கண்டவர்களும் எழுதும் செயலிகள் ஓடும் போனில், எல்லாரும் ஒழுங்காக நடப்பார்கள் என்று நம்பி இருந்தால் பெட்டரி அரை நாள்கூடத் தாங்காது.

இந்தச் சண்டையில் வெளிச்சத்துக்கு வந்த ஒரு நுணுக்கம் உண்டு. போன் தூங்கப் போகும் அந்தக் கணத்திலேயே ஓர் அழைப்பு வந்தால்? எல்லாரையும் தூங்க வைத்துக்கொண்டு வருகிற கெர்னல், வாசலில் தட்டும் சத்தத்தைக் கவனிக்காமல் கதவைச் சாத்திவிடலாம் அல்லவா? விசோட்ஸ்கி இதற்கு ஒரு கணக்கு வைத்தார். எழுப்பும் நிகழ்வு ஒவ்வொன்றும் ஒரு எண்ணைக் கூட்டும். தூங்கத் தொடங்குமுன் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். தூங்கும் வேலையின்போது எண் மாறியிருந்தால், யாரோ வந்திருக்கிறார்கள் என்று பொருள்; தூக்கத்தை உடனே கைவிட வேண்டும். 2010இல் இது சேர்ந்தது. 2012 ஜூலையில் வந்த 3.5 பதிப்பில், அண்ட்ரொய்ட் கேட்டதற்கு ஒத்த ஏற்பாடும் விசோட்ஸ்கி கையாலேயே சேர்ந்தது. மூன்று வருடம் வாதாடிய பிறகு!

முழுப் போனும் தூங்கியபின் ஸஹருக்கு வைத்த அலாரம் எப்படி அடிக்கிறது என்று கேட்கலாம். எல்லாரும் தூங்குவதில்லை. நேரம் பார்க்கும் ஒரு சின்னச் சில்லும், கோபுரத்தின் அழைப்புக்குக் காது கொடுக்கும் மோடமும், பக்கத்திலுள்ள பொத்தானும் காவல் இருக்கின்றன. இவற்றுக்குத்தான் கெர்னலை எழுப்பும் அதிகாரம். எழுப்பிய மறுகணம் பல பாகங்கள் ஒரேயடியாக மின்சாரம் கேட்கும். அந்த இழுவையைச் சமாளிப்பவை, அரிசிக் குருணையைவிடச் சிறிய நூற்றுக்கணக்கான மின்தேக்கிகள். அவற்றில் பெரும்பாலானவை பேரியம் டைட்டனேட் என்ற பொருளால் ஆனவை. டைட்டேனியம் எங்கிருந்து வருகிறது? புல்மோட்டைக் கரையில் தோண்டும் இல்மனைட், ரூட்டைல் போன்ற கனிய மணலிலிருந்து. எந்த ஊர் மண் எந்தப் போனுக்குள் போனதென்று யாராலும் சொல்ல முடியாது. உலகில் டைட்டேனியத் தாதுவின் பெரும்பகுதி வெள்ளை மைக்கும் பெயிண்டுக்கும்தான் போகிறது. ஆனாலும் நம் கரை மணலின் சொந்தக்காரர் ஒருவர் போனுக்குள் இருக்கிறார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

ஒரு கண்ணைத் திறந்து வைத்துத் தூங்கும் கலையை இன்னும் பெரிய அளவில் காண வேண்டுமானால் வங்காள விரிகுடாவைப் பாருங்கள். 2004 டிசம்பர் 26ஐத் திருகோணமலைக் கரையோர மக்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. அதன் பிறகு, 2007 ஒக்டோபரில், ஹைதராபாத்தில் இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை நிலையம் தொடங்கியது. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் விரிகுடாவின் ஆழத்தில் அழுத்தமானிகளைப் போட்டுப் பராமரிக்கிறது. கடலடியில் மின் கம்பி ஏது? பெட்டரிதான். அமெரிக்காவின் நோவா நிறுவனம் வடிவமைத்த இவ்வகைக் கருவியை எடுத்துக்கொண்டால், அது 15 செக்கனுக்கு ஒரு தரம் தண்ணீரின் அழுத்தத்தை அளக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் பேசாது. பேசுவதுதான் அதிகம் மின்சாரம் குடிக்கும். வழமையான நாட்களில் 6 மணிநேரத்துக்கு ஒரு தரம் மட்டும் கணக்கை மேலே அனுப்பும். எதிர்பார்த்த அளவிலிருந்து 3 சென்டிமீட்டர் வித்தியாசம் தெரிந்தால் போதும், உடனே முழுவதும் விழித்து அடுத்தடுத்துச் செய்தி அனுப்பத் தொடங்கும். எப்போதும் விழித்திருந்தால் பெட்டரி முடிந்து, தேவையான நாளில் கருவி செத்துக் கிடக்கும். முழுக்கத் தூங்கினால் அலை தாண்டிப் போய்விடும்.

கட்டாரிலிருந்து அழைப்பு வராவிட்டால்

நம் போனுக்கும் இந்த இரண்டாவது ஆபத்து உண்டு. 2015இல் வந்த அண்ட்ரொய்ட் 6இல் 'டோஸ்' என்ற ஏற்பாட்டைக் கூகுள் சேர்த்தது. சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் போன் கிடந்தால் செயலிகள் போட்ட விழிப்புப் பூட்டுகளையே அது மதிக்காது. இணையத்தையும் துண்டித்து, இடைக்கிடை மட்டும் திறந்து விடும். அவசரம் என்று குறித்து வரும் செய்திகளுக்குத் தனி வழி உண்டு. வட்ஸ்அப் அழைப்புகள் அந்த வழியால்தான் வந்து எழுப்புகின்றன. ஆனால் சில கம்பனிகள் "எங்கள் போன் இரண்டு நாள் தாங்கும்" என்று விளம்பரம் செய்வதற்காக இன்னும் கடுமையாகப் போய், பின்னணியில் இருக்கும் செயலிகளை ஒரேயடியாக மூடிவிடுகின்றன. விளைவு? மகன் இரவு பத்து முறை அழைத்திருப்பார், இங்கே ஒரு சத்தமும் இல்லை. காலையில் போனைத் தொட்டதும் பத்து அழைப்பும் வரிசையாக வந்து விழும். "உம்மா ஏன் போன் எடுக்கல்ல?" என்று அவருக்குக் கோபம், இவருக்குக் கண்ணீர். இருவர் மேலும் பிழையில்லை.

இதற்கு வழி இருக்கிறது. செட்டிங்ஸில் அந்த ஒரு செயலிக்கு மட்டும் போய், பெட்டரி என்ற பகுதியில் கட்டுப்பாடு இல்லை என்ற தெரிவைப் போடுங்கள். எல்லாச் செயலிக்கும் போட்டுவிடாதீர்கள். பிறகு பழைய கதைதான்.

விடிய விடிய விழித்திருக்கும் போனுக்கு என்ன செய்யலாம்? வீட்டில் எல்லாரும் இருக்கும் ஓர் இரவாகப் பார்த்து, படுக்கும்போது சார்ஜ் எத்தனை வீதம் என்று குறித்து, விமானப் பயண முறையில் போட்டு வையுங்கள். (யாராவது கடலில் இருக்கும் இரவில் இந்தப் பரீட்சை வேண்டாம்.) காலையில் சில வீதம்தான் குறைந்திருந்தால் பெட்டரி நல்லது. குற்றவாளி ஏதோ ஒரு செயலி, அல்லது சிக்னல். சிக்னல் மெல்லியதாக வரும் இடத்தில் மோடம் கோபுரத்தைத் தேடித் தேடிக் கூடுதலாகச் சக்தி செலவழிக்கும். போனை ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். அப்போதும் குறைந்தால் செட்டிங்ஸில் பெட்டரிப் பகுதியைத் திறந்து, பாவிக்காத நேரத்தில் அதிகம் குடித்த செயலி எது என்று பாருங்கள். பெயரோடு பட்டியல் இருக்கும். அதை அழித்துவிட்டு இரண்டு இரவு பாருங்கள். விமானப் பயண முறையிலும் 30, 35 வீதம் போய்விட்டதென்றால் பெட்டரியையோ உள்ளிருக்கும் பாகத்தையோ சந்தேகிக்கலாம். அப்போது கடைக்குப் போங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளை மணிக்கொரு தரம் விரலால் தள்ளித் தள்ளி மூடுவது பலருடைய பழக்கம். அது பெட்டரியைக் காப்பாற்றாது. தூங்கிக்கொண்டிருந்த செயலியை வெளியே தள்ளிவிட்டு, பத்து நிமிடத்தில் திரும்ப முதலிலிருந்து தொடங்க வைக்கிறீர்கள். ரொட்டிக்கு ரொட்டி அடுப்பு மூட்டும் வேலைதான்.

அப்டேட் வந்தால் பயந்து தள்ளிப் போடாதீர்கள். டிரைவர்களில் கிடக்கும் அழிக்காத கோடுகள் அதன் வழியாகத்தான் திருத்தப்படுகின்றன. சில வேளை அப்டேட்டே கெடுப்பதும் உண்டு. 2011 மார்ச்சில் வந்த லினக்ஸ் 2.6.38 பதிப்பில் சில மடிக்கணனிகள் முன்பைவிட அதிக மின்சாரம் இழுத்தன. பயோஸின் அட்டவணையில் 'இந்த வசதி இல்லை' என்று எழுதியிருந்ததை அப்படியே நம்பி, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மின்சேமிப்பை கெர்னல் நிறுத்திவிட்டது. மைக்கேல் லாரபெல் என்பவர் மாதக்கணக்கில் அளந்து அளந்து இடத்தைக் கண்டுபிடித்தார். அந்த வருட முடிவில் மெத்தியூ கேரட் திருத்தத்தை எழுதினார். திருத்தமும் அப்டேட்டாகத்தான் வந்தது.

மடிக்கணனி உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. முன்பெல்லாம் மூடியைச் சாத்தினால் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துவிட்டு மற்றதெல்லாம் அணையும். இதற்கு எஸ்-3 தூக்கம் என்று பெயர். அண்மைக்கால மடிக்கணனிகள் பலவற்றில் அந்தத் தூக்கமே இல்லை. போனைப் போல மெல்லிய விழிப்போடு கிடக்கும்படி மாற்றிவிட்டார்கள். ஏதாவது ஒரு டிரைவர் கோட்டை அழிக்காவிட்டால், பைக்குள் வைத்த கணனி சூடாகி, பெட்டரி முடிந்து கிடக்கும். ஒலுவில் பல்கலைக்கழகத்துக்குப் புறப்படும் மகள் புல்மோட்டையிலிருந்து பஸ் ஏறினால் திருகோணமலை, மட்டக்களப்பு என்று நீண்ட வழி. மூடியைச் சாத்தி மட்டும் பைக்குள் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஹைபர்னேட் என்ற தெரிவு இருந்தால் அதைக் கொடுக்கலாம். நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு முழுமையாக அணையும், திறந்தால் விட்ட இடத்திலிருந்தே தொடரும். அந்தத் தெரிவு காட்டப்படாவிட்டால் முழுதாக அணைத்துவிட்டு, விசிறிச் சத்தம் நின்றதா என்று பார்த்த பிறகு பையை மூடச் சொல்லுங்கள்.